கடைசி வரிசையில் நிற்கிறவர்கள்

1999 செப்டம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தைக் கோவையில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே மழை வருவதும் விடுவதுமாக இருந்தது. முதலிடத்தில் இருந்த ஃப்ரென்ட்ஸனின் வண்டி மின்கோளாறில் நின்றது. அடுத்து முன்னுக்கு வந்த கூல்தார்ட் ஈரத்தில் சறுக்கிப் பாதையை விட்டே போனார். பிறகு ஃபிசிகெல்லா சுழன்று நின்றார். ரால்ஃப் ஷூமாக்கருக்கு டயர் போனது. இப்படி ஒவ்வொருவராக உதிர உதிர, எப்போதும் பின்வரிசையில் கிடக்கும் ஒரு வண்டி நான்காம் இடத்துக்கு வந்துவிட்டது. அது மினார்டி அணியின் வண்டி. ஓட்டியவர் லூகா பதோயெர்.

66 சுற்றுப் பந்தயத்தில் இன்னும் 13 சுற்றுகள்தான் பாக்கி. அப்போது கியர்பாக்ஸ் போய்விட்டது. வண்டியை ஓரம் கட்டி இறங்கிய பதோயெர், அதன் பக்கத்திலேயே குனிந்து அழுதார். கேமரா அவரை விடவேயில்லை.

அப்பாவுக்குப் பந்தயம் பார்க்கும் பழக்கம் கிடையாது. கணபதியில் அவருக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. இரண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின். பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற ஜாப் ஆர்டர். டீ டம்ளரோடு உள்ளே வந்தவர் நின்று பார்த்தார்.

"ஏங்கண்ணு, அந்தத் தம்பி எதுக்கு அழுகுது?"

"கியர்பாக்ஸ் போயிருச்சுங்ப்பா. நாலாவதா வந்துட்டு இருந்தாரு."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதச் செஞ்சவன் இன்னிக்குத் தூங்கமாட்டான்" என்றார்.

நான் அந்த நொடி வரை ஓட்டியவரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கியர்பாக்ஸைக் கடைந்து, கோத்து, பூட்டிய கைகள் எங்கேயோ இருக்கின்றன என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மினார்டியைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அந்த அணி எனக்குள் ஒரு கேள்வியாகவே தங்கிவிட்டது. முதலில் வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு வேலையை முழு மனசோடு செய்ய முடியுமா? செய்தால் அதற்கு என்ன பெயர்?

மினார்டியின் ஊர் ஃபயன்ஸா. வட இத்தாலியில், இமோலா பந்தயத் தடத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன நகரம். பல நூற்றாண்டுகளாக மட்பாண்டத் தொழிலுக்குப் பேர் போனது. மெருகு பூசிய ஒரு வகைப் பீங்கான் வேலைக்கு ஐரோப்பாவில் அந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்த ஊர்க்காரரான ஜியான்கார்லோ மினார்டி 1985இல் தன் அணியை ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டுவந்தார். அதே எமிலியா-ரோமாஞா மாநிலத்தில், சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஃபெராரியின் மரனெல்லோ. அவர்களுக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, அவர்களோடு அதே தடத்தில் மோதுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

21 ஆண்டுகள் ஓட்டினார்கள். 340 பந்தயங்கள். வெற்றி ஒன்றுகூட இல்லை. முதல் மூவர் ஏறும் மேடையில் ஒருநாளும் ஏறியதில்லை. அதிகபட்சம் நான்காம் இடம், அதுவும் மூன்றே முறை. இத்தனை ஆண்டுகளில் சேர்த்த மொத்தப் புள்ளிகள் 38. இன்றைக்கு ஒரு பெரிய அணி ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் இதைவிட அதிகம் எடுத்துவிடும்.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் தோல்வி என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் 2002 வரை முதல் ஆறு பேருக்குத்தான் புள்ளி. ஆறாவதாக வந்தால் ஒன்று. மினார்டி அந்த ஒற்றைப் புள்ளியை முதன்முதலாக எடுத்தது 1988இல், டெட்ராய்ட் நகரத் தெருக்களில். நான்காவது ஆண்டில். அணியை விட்டுப் போயிருந்த பியர்லூயிஜி மார்ட்டினி திரும்பி வந்து ஓட்டிய முதல் பந்தயம் அது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் வெறும் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் வண்டியைப் பிரித்து, கழுவி, திரும்பப் பூட்டி, லாரியில் ஏற்றியவர்களுக்கு அந்த ஒன்று எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும்!

அடுத்த ஆண்டு சில்வர்ஸ்டோனில் நடந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். 1989இல் 39 வண்டிகள் பதிவாகியிருந்தன. பந்தயத்தில் இடம் 26 வண்டிகளுக்குத்தான். அதனால் நலிந்த அணிகளுக்கு வெள்ளிக்கிழமை காலையில், மற்றவர்கள் தடத்துக்கு வரும் முன்பே, ஒரு மணி நேரம் முன்தேர்வு வைத்தார்கள். 13 வண்டிகள் போட்டியிடும், நான்கு தேறும். மிச்சப் பேர் வெயில் ஏறும் முன்பே மூட்டை கட்டிவிட வேண்டும். ஆண்டின் நடுவில் கணக்குப் பார்த்து யாரையெல்லாம் அந்தக் குழியில் தள்ளுவது என்று முடிவு செய்வார்கள். மினார்டி அதன் விளிம்பில் நின்றிருந்தது. சில்வர்ஸ்டோனில் மார்ட்டினி ஐந்தாவதாகவும் லூயிஸ் பெரேஸ் சாலா ஆறாவதாகவும் வந்தார்கள். குழி விலகியது. அந்தப் பந்தயத்தில் வென்றவர் ஆலன் ப்ரோஸ்ட். அவருக்கு அது பல வெற்றிகளில் ஒன்று. மினார்டிக்கு அது அடுத்த ஆறு மாதத்துச் சோறு.

அதே 1989 செப்டம்பரில் போர்ச்சுகலின் எஸ்டோரில் தடத்தில், முன்னால் இருந்தவர்கள் டயர் மாற்ற உள்ளே போன நேரத்தில், மார்ட்டினி ஒரே ஒரு சுற்று முதலிடத்தில் ஓடினார். மினார்டியின் 340 பந்தயங்களிலும் அவர்கள் முன்னால் போன சுற்று அந்த ஒன்றுதான். 40ஆவது சுற்று. அதைத் தற்செயல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அந்த வார இறுதியில் அவர் ஐந்தாம் இடத்திலிருந்து கிளம்பினார், ஐந்தாவதாக முடித்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேகம் இல்லாதவனுக்கு அந்தத் தற்செயல் வாய்க்காது. அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் அவர் முதல் வரிசையிலேயே நின்றார், இரண்டாவது இடம். சனிக்கிழமை மழை பெய்து வெள்ளிக்கிழமை நேரமே நிலைத்தது, பிரெல்லி டயர் கைகொடுத்தது, எல்லாம் உண்மை. நட்சத்திர ஓட்டுநரான சென்னாவுக்கு அன்று ஐந்தாம் இடம் என்பதும் உண்மை.

சின்ன அணிகளுக்காகப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரு நியாயம் சொல்வார்கள். அவை நாற்றங்கால்கள், பெரிய ஆட்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள் என்று. மினார்டி விஷயத்தில் அது பொய்யில்லை. ஃபிசிகெல்லா, த்ருல்லி, மார்க் வெப்பர் எல்லாரும் அங்கே தொடங்கியவர்கள். 2001இல் அணி மூழ்கப்போகிற நேரத்தில் பால் ஸ்டாடார்ட் என்ற ஆஸ்திரேலியர் வாங்கினார். ஜனவரியில் கைமாறிய அணி மார்ச் தொடக்கத்தில் மெல்போர்னில் வண்டியோடு நின்றது. அந்த வண்டியில் 19 வயதுப் பையன் ஒருவன் 12ஆவதாக வந்தான். பெயர் ஃபெர்னாண்டோ அலோன்ஸோ. 2005இலும் 2006இலும் அவர்தான் உலகச் சாம்பியன். பொறியாளர் ஆல்டோ கோஸ்டாவும் மினார்டியில் தொழில் பழகியவர்தான். பிற்பாடு மெர்சிடிஸில் அவர் பங்கெடுத்து உருவாக்கிய வண்டிகள் பட்டங்களை அள்ளின.

ஆனாலும் இந்த நியாயத்தை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் பெருமையை அங்கே படித்த ஒரு கலெக்டரை வைத்து மட்டும் அளப்பது போன்றது இது. அந்தப் பள்ளியில் எழுத்துக் கற்றுக்கொண்டு, ஊரிலேயே இருந்து, பால் சொசைட்டியில் கணக்கு எழுதியவர் வாழ்க்கை வீணா? அலோன்ஸோ வந்திருக்காவிட்டால் ஃபயன்ஸாவில் இரவு கண்விழித்தவர்களின் உழைப்பு செல்லாக்காசா? பதோயெர் சுமார் 50 பந்தயங்கள் ஓட்டினார். கடைசி வரை ஒரு புள்ளிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவு பந்தயங்கள் ஓட்டியும் புள்ளியே எடுக்காத வேறு ஒருவர் ஃபார்முலா ஒன் வரலாற்றில் இல்லை. நாற்றங்கால் கணக்கில் அவருக்கு இடமே இருக்காது. எனக்கு மினார்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவதோ அவர் முகம்.

சின்னதாக இருப்பதாலேயே ஒன்று உயர்ந்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. 1990இல் லைஃப் என்ற இத்தாலிய அணி 14 முறை முயன்று ஒருமுறைகூட முன்தேர்வைத் தாண்டவில்லை. 1992இல் ஆந்த்ரேயா மோடா என்ற அணி நடத்தப்பட்ட விதத்தைப் பார்த்து, விளையாட்டுக்கே அவப்பெயர் என்று நிர்வாகம் பருவத்தின் நடுவிலேயே வெளியேற்றியது. மினார்டியிலும் அதே பணத்தட்டுப்பாடுதான், அதே பழைய எஞ்சின்கள்தான். ஆனால் வண்டியைக் கையாண்ட நேர்த்தியைப் பெரிய அணிக்காரர்களும் மதித்தார்கள். கையில் காசில்லை என்பதற்காக அவர்கள் திருகாணியைத் தளர்வாக விட்டதில்லை. எனக்கு மதிப்பு அந்த இடத்தில்தான்.

எங்கள் பட்டறையில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஷாஃப்ட் கடைந்து முடித்ததும் அப்பா அதை விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். மைக்ரோமீட்டர் சரி என்று சொன்ன பிறகும் தடவுவார். பிசிர் இருந்தால் திரும்ப லேத்தில் ஏற்றுவார். பம்புக்குள் போய்விட்டால் அந்த ஷாஃப்டை யாரும் பார்க்கப்போவதில்லை. பம்பின் மேல் ஒட்டப்போகிற பெயரும் எங்களுடையது இல்லை. "இத்தனை வருசமா ரெண்டே லேத்துதானா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது, பதினாறு வயதில், எனக்குத் தொண்டை அடைக்கும். அப்பா, "ஆமாங்க" என்பார். அதில் வருத்தமும் இருக்காது, வீம்பும் இருக்காது. அவருக்கு மூன்றாவது லேத்து வாங்க ஆசை இருந்தது. பாங்கில் எழுதிக் கொடுத்து நான்கு முறை நடந்தார். கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் எட்டு மணிக்குப் பட்டறைக் கதவைத் திறந்தார். மினார்டிக்காரர்களும் வெல்ல ஆசைப்படாதவர்கள் இல்லை. அவர்களைப் பற்றற்ற ஞானிகளாக்கினால் பதோயெரின் கண்ணீருக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

புள்ளிக்கும் பெருமைக்கும் உள்ள தூரத்தை 2005 ஜூன் 19 காட்டியது. இண்டியானாபோலிஸில் மிஷெலின் டயர்கள் பாதுகாப்பில்லை என்று 14 வண்டிகள் கிளம்பும் முன்பே விலகிவிட்டன. ஆறு வண்டிகள் மட்டும் ஓடின. இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டன், இரண்டு மினார்டி. ஜோர்டன்களில் ஒன்றை ஓட்டியவர் எங்கள் கோவையின் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் எடுத்தார். ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்த புள்ளிகள் அவ்வளவுதான். மினார்டிகள் ஐந்தாவது, ஆறாவது; ஏழு புள்ளிகள். 21 ஆண்டுச் சேமிப்பில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு, ஒரே நாளில். ஆனால் ரசிகர்கள் கோபத்தில் தடத்துக்குள் பாட்டில்களை எறிந்துகொண்டிருந்தார்கள். அந்த ஏழு புள்ளிகளைவிட, 2002இல் மெல்போர்னில் தன் முதல் பந்தயத்தில் வெப்பர் தட்டுத்தடுமாறி ஐந்தாவதாக வந்து எடுத்த இரண்டு புள்ளிகளைத்தான் மினார்டி ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். முறையான பரிசளிப்பு முடிந்த பிறகு வெப்பரும் ஸ்டாடார்டும் அந்த வெற்றி மேடையில் ஏறி நின்றார்கள். தங்கள் நாட்டுக்காரர்களைப் பார்த்து மெல்போர்ன் கூட்டம் கத்தித் தீர்த்தது. நரேனுக்காக நாங்களும் அந்த ஜூன் இரவில் கைதட்டினோம். மற்றவர்கள் விலகியது அவர் குற்றமில்லை. கடைசி வரை தடத்தில் ஓடியவர் அவர். பின்னால் 2011இலும் 2012இலும் எச்.ஆர்.டி. என்ற அணிக்கு ஓட்டினார். அதற்கு முன் 2010இல் சென்னையின் கருண் சந்தோக் அதே அணியில் தொடங்கினார். பஹ்ரைனில் அவருடைய வண்டி பயிற்சி நேரத்துக்குள் தயாராகவில்லை. அந்த வண்டியை அவர் முதன்முதலாக ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான். நம் ஊர்ப் பையன்களுக்கு இந்த விளையாட்டின் உச்சியில் கதவு திறந்தது பின்வரிசை அணிகளில்தான் என்பதை நான் மறப்பதில்லை.

பின்வரிசை வாழ்க்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு மேனார் அணியே போதும். 2014இல் அது மருசியா என்ற பெயரில் ஓடியபோது மொனாக்கோவில் ஜூல் பியாங்கி ஒன்பதாவதாக வந்து இரண்டு புள்ளிகள் எடுத்தார். அவை கொண்டுவந்த பரிசுப் பணம் அணியைச் சாவிலிருந்து மீட்க உதவியது. பியாங்கி அதே ஆண்டு சுசூகாவில் விபத்துக்குள்ளாகி, 2015 ஜூலையில் இறந்தார். 2016இல் கொட்டும் மழையில் பிரேசில் பந்தயம். சாபர் அணியின் ஃபெலிப்பே நாஸர் ஒன்பதாவதாக வந்தார். அந்த இரண்டு புள்ளிகளில் மேனார் அணிகளின் பட்டியலில் பத்தாம் இடத்திலிருந்து பதினொன்றுக்கு இறங்கியது. பரிசுப் பணம் கைநழுவ, 2017 ஜனவரியில் கடை மூடப்பட்டது. யாரோ ஒருவரின் நல்ல நாள் இன்னொரு பட்டறையின் விளக்கை அணைத்துவிடுகிறது.

இன்றைக்குச் செலவு வரம்பு வந்து, அணிகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஊர்க்காரர் ஒருவர் தன் பெயரில் அணி கட்டி உள்ளே வரும் காலம் முடிந்துவிட்டது. மினார்டியையே ரெட் புல் வாங்கி, 2006இலிருந்து டோரோ ரோஸ்ஸோ என்று பெயர் மாற்றியது. பெயரை விட்டுவிடுங்கள் என்று ரசிகர்கள் கையெழுத்து வாங்கி மன்றாடிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஆனால் பட்டறை ஃபயன்ஸாவை விட்டுப் போகவில்லை. 2008 செப்டம்பரில் மொன்ஸாவில், மழையில், 21 வயது செபாஸ்டியன் வெட்டல் அந்த அணிக்கு முதல் வெற்றி வாங்கிக் கொடுத்தார். நான் அன்று சந்தோஷப்பட்டேன். மினார்டி காலத்துக் கைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தன. ஆனாலும் அந்த வெற்றியை வைத்து முந்தைய 340ஐ நியாயப்படுத்தத் தேவையில்லை என்றுதான் அன்றும் தோன்றியது.

நூர்பர்க்ரிங்கில் அன்று இன்னொன்றும் நடந்தது. அழுகிற முகத்தைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் கவனிக்காதது. பதோயெர் நின்ற பிறகும் இன்னொரு மினார்டி ஓடிக்கொண்டிருந்தது. மார்க் ஜெனே, அந்த ஆண்டு சாம்பியன் பட்டத்துக்குப் போராடிக்கொண்டிருந்த எடி இர்வைனின் ஃபெராரியைப் பின்னால் நிறுத்தி, ஆறாவதாக வந்தார். ஒரு புள்ளி. 1995க்குப் பிறகு மினார்டிக்கு முதல் புள்ளி. ஒரே கொட்டகையில் பாதிப் பேர் அழுதிருப்பார்கள், பாதிப் பேர் கட்டிப் பிடித்திருப்பார்கள். அன்றிரவு இரண்டு வண்டிகளையும் அதே கைகள்தான் கழுவித் துடைத்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து மலேசியாவின் செபாங்கில் அடுத்த பந்தயம். ஞாயிறு மத்தியானம் நான் டிவியைப் போட்டபோது, அப்பா சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்து பாயில் உட்கார்ந்தார்.

"அந்த அழுத தம்பி இன்னிக்கு ஓட்டறானா?"

"ஓட்டறாருங்ப்பா."

"எங்க நிக்கறான், காட்டு."

பின்வரிசைக்குக் கேமரா வரும் வரை இருவரும் காத்திருந்தோம்.