கண் படுதல்

மீனைப் பிடிக்கிறோம், கிளியைப் பிடிக்கிறோம். படத்தையும் 'பிடிக்கிறோம்' என்றுதான் சொல்கிறோம். இந்தச் சொல் தற்செயலாக நம் நாக்கில் வந்து உட்கார்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. துப்பாக்கியோடு காட்டுக்குப் போனவனுக்கு மான்கொம்பு வேண்டியிருந்தது; காமிராவோடு போகிறவனுக்கு மானின் படம் வேண்டியிருக்கிறது. உயிர் போவதில்லை என்பது பெரிய வித்தியாசந்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இருவரும் சுவரில் மாட்டுவதற்கு எதையோ கொண்டுவரத்தானே போகிறார்கள்?

எங்கள் மாங்காட்டிலிருந்து தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன்பே வேடந்தாங்கலுக்குப் புறப்படும் இளைஞர்கள் உண்டு. தோளில் தொங்கும் லென்ஸ் கைக்குழந்தை கனம் இருக்கும். நல்ல பிள்ளைகள், பறவைமேல் ஒரு கல் எறிய மாட்டார்கள். "பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறதே, அங்கும் பறவை வருமே?" என்றால் சிரிக்கிறார்கள். அங்கே இத்தனை கூடு கிடைக்காதாம்!

கூடு! என் சங்கடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பிள்ளை பெற்றவளை வந்தவர் போனவர் கண்ணுக்கெல்லாம் நாம் காட்டுவதில்லை. குழந்தைக்குச் சோறூட்டும்போது அந்நியர் வந்தால் தாய் முந்தானையால் கிண்ணத்தை மூடுகிறாள். கண்ணேறு என்பதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாம். பறவையின் விஷயத்தில் மட்டும் அது நிஜம். மனிதன் கூட்டை நெருங்கினால் தாய் எழுந்து பறந்துவிடுகிறது. அதுவரை அதன் இறக்கை நிழலில் இருந்த குஞ்சு வெயிலில் வாடுகிறது. காக்கைக்கோ இரண்டு நிமிஷமே போதும். படம் தெளிவாக விழவேண்டும் என்று, கூட்டை மறைத்த கிளையை ஒடித்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு நடப்பது எந்தப் படத்திலும் வருவதில்லை.

வேடந்தாங்கலில் நமக்கு ஏரிக்கரையும் பார்வைக் கோபுரமுந்தான், நடுவில் தண்ணீர். அந்த ஊர்க்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதாகச் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைத் தொடக்கூடாது என்று எழுதி வாங்கியவர்கள். ஜீவகாருண்யம் மட்டுமா காரணம்? எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். சுயநலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுயநலம் எட்டி நின்றது; நம்முடைய அன்போ கிட்டே போகத் துடிக்கிறது.

அப்படியானால் யாருமே படம் எடுக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) தாமே பொருத்திச் சேர்த்த காமிராவைத் தூக்கிக்கொண்டு காடு காடாக அலைந்தவர். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைகளைப் பார்த்தவர்களுக்கு, யானைக்கும் குடும்பம் உண்டு என்று வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை. காணாததிடம் பரிவு கொள்வது எல்லாருக்கும் முடிகிற காரியமா? ஆகவே படமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எத்தனை அடி தள்ளி நின்று என்பதுதான் என் கேள்வி.

வேடந்தாங்கல் கரையில் தொலைநோக்கி வாடகைக்குக் கிடைக்கும். அதைக் கண்ணில் வைத்த ஒரு சிறுமி, "அம்மா, குஞ்சுக்கு ஊட்டுது!" என்று கூவியதைக் கேட்டிருக்கிறேன். அக்கரையில் அந்த நத்தைகுத்தி நாரை தலையைத் திருப்பவே இல்லை.