48 மணி நேரத்தை அடுக்குவது

தகட்டிலிருந்து வட்டங்களை வெட்டினால் வேஸ்ட் ஆகத்தான் செய்யும். எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் வட்டங்கள் பரப்பில் சுமார் 90.7 சதவீதத்தைத்தான் நிரப்பும், மிச்சம் ஸ்கிராப். ஒழுங்கான வடிவங்களில் முக்கோணம், சதுரம், அறுகோணம் மூன்றுக்கு மட்டுமே தனியாக நின்று இண்டு இடுக்கு இல்லாமல் நிரப்பத் தெரியும். ஒரு புள்ளியைச் சுற்றி இருப்பது 360 பாகை. அதை 60, 90, 120 மீதமின்றி வகுக்கும், ஐங்கோணத்தின் 108 வகுக்காது. அவ்வளவுதான் ரகசியம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து பிரஸ் ஷாப்புகளில் இது தினசரிக் கணக்கு. ஒரு பாகத்தைத் தலைகீழாகத் திருப்பி அடுத்ததன் இடுக்கில் செருகி வெட்டினால் தகடு மிச்சம். இதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. தகட்டுக்கு வலிக்காது.

நேரத்தையும் அப்படி அடுக்கும்போதுதான் கேள்வி வருகிறது. மூன்று எட்டு 24. இரண்டு பன்னிரண்டும் 24. இடைவெளி இரண்டிலும் கிடையாது. எது நியாயம் என்று கணிதம் சொல்லாது.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது, ஆறு எட்டுக்குப் பதில் நான்கு பன்னிரண்டு, மூன்று நாள் விடுப்பு, அதுவும் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்றது அரசு. எதிர்ப்பு கிளம்பியது. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபஸ் ஆனது. சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு வருஷம்.

அரசின் வாதத்தைப் பித்தலாட்டம் என்று தள்ள மாட்டேன். ஊரை விட்டு வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்ணுக்கு "மூணு நாள் லீவுன்னா வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாமே" என்று தோன்றினால் அது நியாயமான ஆசை. ஆனால் ஓடு பதிக்கிற கணக்கில் ஒரு துண்டை எங்கே வைத்தாலும் அது அதே துண்டு. மணி நேரம் அப்படியில்லை. நின்றபடி வேலை பார்ப்பவருக்குப் பதினோராவது மணியும் முதல் மணியும் ஒன்றா? கம்பெனி பஸ்ஸில் போக ஒன்று, வர ஒன்று என்று வைத்தால் 14 போயிற்று. மிச்சமிருக்கும் பத்தில்தான் தூக்கம், துவைப்பது, பிள்ளை. 24 மணி நேரமும் நிரம்புவது மெஷினுடைய நாள்.

இதைவிட என்னை உறுத்துவது அந்த "விருப்பம்". இடைவெளியில்லாத அடுக்கில் ஒரு துண்டு தன் வடிவத்தைத் தானே தீர்மானிக்க முடியாது, பக்கத்துத் துண்டின் ஓரம்தான் அதன் ஓரம். லைனில் எல்லோரும் பன்னிரண்டுக்கு ஒப்புக்கொண்டு, ஒருத்தி மட்டும் எட்டு போதும் என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அவளுக்கு அந்த உரிமை உண்டு. அவளை மாற்றிவிட வேண்டியவள் வர இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது, கன்வேயர் ஓடிக்கொண்டிருக்கிறது. சூப்பர்வைசர் அதட்டக்கூட வேண்டாம். "நீ கிளம்பினா உன் எடத்துல யாரும்மா நிப்பாங்க?" என்று தன்மையாகக் கேட்டாலே போதும்.