படிக்கட்டில் பந்து

விளையாட்டுப் பந்து கைநழுவிப் படிக்கட்டில் விழுந்தால் படிப்படியாகத் துள்ளி அடிவரை போய்விடும். இலட்சியத்திலிருந்து சற்றே விலகிய மனமும் அப்படித்தான் என்கிறது விவேகசூடாமணி. 2015 முதல் 2022 வரை 63 பகுதிகளாக ஒளிபரப்பான ‘பெட்டர் கால் சால்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், இந்தப் படிகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது.

கதாநாயகன் ஜிம்மி மெக்கில், அல்புகர்க்கி நகரில் ஓர் எளிய வழக்கறிஞன். குறுக்குவழிகளில் பழகியவன்தான்; எனினும் ஈரநெஞ்சம் உடையவன். அதிகக் கட்டணம் வசூலிக்கப்பட்ட முதியோருக்காக உண்மையாகவே போராடுகிறான். நோயுற்ற அண்ணனுக்குப் பணிவிடை செய்கிறான். ஆனால் அப்படி அருகிருந்து கவனித்த ஓர் இரவில்தான், அண்ணன் தயாரித்த ஆவணங்களில் 1261 என்ற முகவரி எண்ணை 1216 என்று மாற்றிவிடுகிறான். பணத்துக்காகவா? இல்லை. தான் நேசிக்கும் கிம் இழந்த கட்சிக்காரரை அவளுக்கே மீட்டுத் தருவதற்காக!

அன்பர்களே, இங்கே சற்று நிற்போம். தீய நோக்கம் வந்தால் நாம் எளிதில் விழித்துக்கொள்வோம். அன்பின் வேடத்தில் வரும் அதர்மத்தை யார் சோதிக்கிறோம்? பிள்ளைக்காக, நண்பனுக்காக, ஏன், ஆசிரமத்துக்காகக்கூட நாம் சொல்லும் சிறு பொய்கள் எத்தனை!

அண்ணன் மாண்டான். ஜிம்மி ‘சால் குட்மேன்’ என்ற பெயரில் கொடியவர்களின் வழக்கறிஞனானான். இறுதியில் பிடிபட்டும், பேரம் பேசி ஏழாண்டுச் சிறையோடு தப்பவிருந்தான். அந்த வேளையில் நீதிமன்றத்தில் அனைத்தையும் ஒப்புக்கொண்டு, “என் பெயர் மெக்கில்” என்கிறான். கிடைத்தது 86 ஆண்டுகள். சிறைக்குச் செல்லும் பேருந்தில் சக கைதிகளோ அவனை இன்னும் ‘சால்’ என்றே ஆரவாரமாக அழைக்கிறார்கள்.