நலம் தருவது நம்பிக்கையா, உறவா?

வழிபாட்டுக்குத் தவறாமல் செல்வோர் நெடுநாள் வாழ்வதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று அவர்களின் நம்பிக்கை. மற்றொன்று உடன் வழிபடுவோருடன் கொள்ளும் உறவு.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டுர்கைம் 1897இல் வெளியிட்ட ‘தற்கொலை’ என்னும் நூல் இரண்டாவதன் பக்கம் நின்றது. கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டண்ட் பிரிவினரிடையே தற்கொலை மிகுதி என்றார் அவர். இரு பிரிவுகளும் தற்கொலையைக் கண்டிப்பவை. ஆகவே வேறுபாடு போதனையில் இல்லை, சமயம் தன் மக்களைப் பிணைக்கும் நெருக்கத்தில் உள்ளது என்பது அவர் வாதம். அவருடைய புள்ளிவிவரங்கள் பின்னர் விமர்சிக்கப்பட்டாலும் கேள்வி நிலைத்தது. பிணைப்பு அளவு மீறினால் அதுவும் உயிரைப் பறிக்கும் என்றும் அவர் கருதினார்.

அமெரிக்கச் செவிலியர் 74,534 பேரைப் பற்றிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. வாரம் ஒருமுறைக்கு மேல் வழிபாட்டுக்குச் சென்றோரின் இறப்பு வாய்ப்பு, ஒருபோதும் செல்லாதோரைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது. இதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைச் சமூக ஆதரவு விளக்கியது; புகைபிடிக்காமை, மனச்சோர்வு குறைதல் ஆகியவற்றுக்கும் பங்கிருந்தது. எனினும் இது அவதானிப்பு ஆய்வே. காரணத்தை இது முற்றாக நிறுவாது.

உறவையும் நம்பிக்கையையும் முழுவதுமாகப் பிரிப்பது கடினம். சபையைக் கூட்டுவது நம்பிக்கை; நம்பிக்கையைத் தளராமல் காப்பது சபை. ஆனால் ஒரு கொள்கை உடலுக்கு நன்மை செய்கிறது என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. அந்த நன்மை உறவின் வழியே வருகிறது என்பதால் பொய்யாகிவிடவும் செய்யாது.