மாலை கழற்றிய பிறகு

கார்த்திகை பிறந்தால் ஆவடியில் பல வீடுகளுக்கு ஒரு மண்டலம் நிம்மதி. வருஷம் முழுக்கக் குடித்தவர்கள் மாலை போட்டதும் நிறுத்திவிடுவார்கள். சபரிமலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய கையோடு கடைக்குப் போய்விடுவார்கள். சாமிக்குப் பயந்து நிறுத்தினான், பயம் விட்டதும் ஆரம்பித்துவிட்டான் என்று ஊர் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒரு மண்டலமும் அவனுக்கு என்னவெல்லாம் இருந்தது என்று பாருங்கள். விடியற்காலைக் குளியல், கடை திறந்திருக்கும் நேரத்தில் பஜனை, அதட்டிக் கேட்க ஒரு குருசாமி. ஒரு நாள் பூஜைக்கு வராவிட்டால் “சாமி ஏன் வரல?” என்று வீட்டு வாசலில் ஆள் நிற்கும். மாலையோடு சேர்ந்து இந்தக் கூட்டமும் கலைந்துவிடுகிறது. சாமி எங்கேயும் போய்விடவில்லை.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், ஷிப்ட் வேலைக்காரர். தினமும் குடித்தவர், ஒரு வருஷம் மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. சாமி குத்தம் என்றார்கள். பல வருஷம் விடாமல் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், வலிப்பும் வரும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. உயிரே போகலாம். அதனால் குடியை விட்டவர்கள் கூடும் எந்தக் குழுவையும் தேடும் முன்னால் ஆஸ்பத்திரி. மின்கம்பங்களில் ஒட்டியிருக்கிறார்களே, குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து என்று, அந்தப் பக்கமே போக வேண்டாம். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் போகச் செய்யும் டைசல்ஃபிரம் போன்ற மாத்திரையைத் தெரியாமல் கொடுத்து, அவர் அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகிவிடும்.

ஆஸ்பத்திரி உடம்பைத் தேற்றி அனுப்பும். அதற்குப் பிறகு வருகிற சம்பள நாள்தான் கஷ்டம். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. ஷிப்ட் முடிந்து வருகிறவன் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்பவருக்கும் இதே சிக்கல். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. வியாபாரம் கைவிட்டுப்போய் ஹோட்டல் கூடத்தில் நிற்கிறார், பக்கத்தில் பார். அவர் மருத்துவரைத் தேடவில்லை. தேவாலயங்களுக்கு போன் போட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று கேட்டார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அந்தச் சந்திப்பில் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற ஏ.ஏ. வில்சன் போனது அடுத்தவரைத் திருத்த அல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. நல்ல குழுவை நான் அதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறேன். புதிதாக வந்தவனுக்கு அங்கே யாரும் உபதேசம் செய்ய மாட்டார்கள். அவன் வந்து உட்கார்ந்தால் தங்களுக்கும் நல்லது என்று நினைப்பார்கள்.

சென்னையில் குடிநோய்ச் சிகிச்சையை வேரூன்ற வைத்தவர்களில் சாந்தி ரங்கநாதன் முக்கியமானவர். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த அவர், 1980இல் தொடங்கிய அமைப்புதான் இன்றைக்கு அடையாறில் டி.டி.கே. மருத்துவமனையாக நிற்கிறது. குடித்தவரோடு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுவது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி.

ஆவடிக்காரருக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. டாங்க் ஃபேக்டரி, படை உடைத் தொழிற்சாலை, குவார்ட்டர்ஸ் என்று அப்பாவையும் மகனையும் ஒரே செக்‌ஷனில் தெரிந்து வைத்திருக்கும் ஊர் இது. பக்கத்து ஏ.ஏ. மீட்டிங்குக்குப் போனால் தெரிந்த முகம் இருக்குமோ என்ற கூச்சம் நிஜமானது, அதைக் கேலி செய்யக் கூடாது. முதலில் ரயிலேறி நாலு ஸ்டேஷன் தள்ளிப் போகட்டும். பேச வாய் வந்த பிறகு, குடிக்கத் தோன்றும் நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே மீட்டிங்கை வைத்து இது சரிப்படாது என்று முடிவு கட்ட வேண்டாம். தமிழில் நடக்கும் குழு உண்டு, ஆங்கிலத்தில் நடப்பதும் உண்டு. மனைவியை அடித்ததை இங்கிலீஷில் சொல்லி அழ நம்மில் எத்தனை பேரால் முடியும்? அங்கே வரும் கடவுள் பேச்சு ஒத்துவராத கருப்புச் சட்டைக்காரர் அந்தக் கூட்டத்தையே தன் பலமாக வைத்துக்கொண்டு உட்காரலாம். ஆண்களே நிறைந்த அறையில் ஒரு பெண்ணுக்கு வாய் திறக்க முடியாவிட்டால் குறை அவளிடம் இல்லை. அவளுக்கு வேறு அறை தேட வேண்டும். எங்கேயாவது கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். ஏ.ஏ.வில் கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தும் ஆசை ஒன்றே தகுதி.

அண்ணனுக்கு ஏ.ஏ.வில் அம்பத்தூர்க்காரர் ஒருவர் கிடைத்தார். ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர், அதிகம் பேச மாட்டார். சம்பள நாளில் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு போன் வரும். “கிளம்பிட்டியா? நானும் ஸ்டேஷனுக்குத்தான் வர்றேன்.” அவ்வளவுதான் பேச்சு. அண்ணன் மீட்டிங்குக்கு வராத வாரத்தில் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அண்ணிதான் இன்னும் எங்கேயும் போகவில்லை. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் இருக்கிறது. வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கி வைத்தது. சொன்னால், “நானா குடிச்சேன், தம்பி? நான் எதுக்கு வரணும்?” என்கிறார். ஆனால் அண்ணன் பத்து நிமிஷம் தாமதித்தால் கேட்டுக்குப் போய் நிற்கிறார், உள்ளே வரும்போது மூச்சை மோந்து பார்க்கிறார். இத்தனை வருஷம் அவர் தனியாகவே இதைத் தாங்கியிருக்கிறார். அடுத்த மீட்டிங்குக்கு அவரையும் கூப்பிடப் போகிறேன்.