இசை வராத மூன்றாம் அங்கம்

பெர்லின் யூத அருங்காட்சியகத்துக்கான கட்டடப் போட்டியில் 1989-ல் வென்றவர் டேனியல் லிபஸ்கிண்ட். தன் விளக்கவுரையை அவர் இசைக்குறிப்பு எழுதும் கோடுபோட்ட தாளில்தான் கொடுத்திருந்தார். உறவினர் பலரை நாஜிகளின் இன அழிப்பில் பறிகொடுத்த குடும்பத்தில், போலந்தின் லோட்ஸ் நகரில் 1946-ல் பிறந்தவர். சிறுவயதிலேயே மேடையேறிய அக்கார்டியன் கலைஞர்.

அவருடைய வடிவமைப்புக்குப் பின்னால் முடிவுபெறாத ஓர் ஓபரா இருந்தது. கடவுளுக்கு உருவம் கொடுக்கலாமா? யூத மரபு கூடாது என்கிறது. இசையமைப்பாளர் அர்னால்டு ஷோன்பெர்க்கின் 'மோசேயும் ஆரோனும்' ஓபரா நிற்பது இந்தக் கேள்வியின் மேல்தான். கண்ணுக்கும் கற்பனைக்கும் எட்டாத இறைவனை மோசே உணர்கிறார். அதை மக்களுக்குச் சொல்ல அவருக்கு வார்த்தை வரவில்லை. அவருடைய அண்ணன் ஆரோனுக்கு நாவன்மை உண்டு, கூடவே மக்கள் வணங்கப் பொன் கன்றுக்குட்டிச் சிலையும் வந்துவிடுகிறது. ஆரோன் பாடுகிறார். மோசேயின் குரலோ பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் தடுமாறுகிறது. இரண்டு அங்கங்களின் இசை 1932-ல் முடிந்தது. மறு ஆண்டு நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். பெர்லினில் ஆசிரியர் பதவியை இழந்து ஷோன்பெர்க் நாட்டை விட்டே போனார். மூன்றாம் அங்கத்துக்குச் சொற்கள் இருந்தன. 1951-ல் இறக்கும்வரை அவர் அதற்கு இசையமைக்கவில்லை.

அந்த அங்கத்தைக் கட்டடமாக முடித்துவைக்க விரும்பினார் லிபஸ்கிண்ட். கூடவே, நாடு கடத்தப்பட்ட யூதர்களின் பெயர்களைக் கேட்டுக் கடிதம் எழுதினார். இரண்டு பெரிய தொகுதிகள் வந்தன. பெயர், பிறந்த நாள், கடத்தப்பட்ட நாள், கொல்லப்பட்டதாகக் கருதப்படும் இடம். பக்கம் பக்கமாக அவ்வளவுதான்.

இங்கேதான் சிக்கல். கட்டடம் கட்டுகிறவர் தொழிலால் ஆரோன். கண்ணுக்குத் தெரியும்படி எதையாவது எழுப்பியாக வேண்டும். இல்லாமல் போனவர்களுக்கு எந்த உருவம் பொருந்தும்?

லிபஸ்கிண்ட் இன்மையையே நடுவில் வைத்தார். துத்தநாகத் தகடு போர்த்திய கட்டடம் வளைந்து நெளிந்து போகிறது. அதை ஊடறுத்து ஒரு நேர்கோட்டில் ஐந்து வெற்றிடங்கள், தரையிலிருந்து கூரைவரை வெறும் கான்கிரீட். பெரும்பாலானவற்றுக்குள் நுழைய முடியாது, சன்னல் வழியே பார்க்கலாம். நுழையக்கூடிய ஒன்றில், சிற்பி மெனாஷே காதிஷ்மன் இரும்புத் தகட்டில் வெட்டிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முகங்கள் தரையில் கிடக்கின்றன. வாய் திறந்த முகங்கள். அவற்றின் மேல்தான் நடக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் இரும்பு மோதி, சுவரெல்லாம் எதிரொலிக்கிறது. எழுதப்படாத அங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒலி கிடையாது.

வெளியே நாடிழந்தோர் தோட்டத்தில் 49 தூண்கள். இஸ்ரேல் பிறந்த 1948-ஐக் குறிக்க நாற்பத்தெட்டில் பெர்லின் மண், ஒன்றில் எருசலேம் மண். இந்தக் கணக்கை யாராவது சொன்னால்தான் தெரியும். வெற்றிடங்களுக்கு அந்த உதவி தேவையில்லை; அவையே மேலான படைப்பு.

கட்டடம் 1999-ல் தயாரானது; காட்சிக்கூடம் திறந்தது 2001 செப்டம்பரில். இடைப்பட்ட காலத்தில், உள்ளே காட்சிப்பொருள் ஒன்றுமில்லாத அந்தக் கட்டடத்தைப் பார்க்க மட்டும் சுமார் 3,50,000 பேர் வந்தார்கள்.