பேட்ச் நம்பர் இல்லாத மாத்திரை

2008-இன் முதல் ஐந்து மாதங்களில், ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிப்போய்ச் சிங்கப்பூரின் அரசு மருத்துவமனைகளுக்குச் சுமார் 150 பேர் கொண்டுவரப்பட்டார்கள். ஒருவருக்கும் சர்க்கரை நோய் கிடையாது. குளுக்கோஸ் ஏற்றினால் தெளிவார்கள். சற்று நேரத்தில் மறுபடி சரிவார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், வெட்கத்தால் பலர் வாய் திறக்கவில்லை. ரத்தம்தான் சொன்னது: கிளிபென்கிளமைடு. நம் வீடுகளில் டயோனில் என்ற பெயரில் பழக்கமான சர்க்கரை மாத்திரைதான். ஆண்மைக்கு என்று கள்ளத்தனமாக விற்ற மாத்திரைகளில், வழக்கமான 5 மில்லிகிராமைப் போலப் பல மடங்கு கலந்திருந்தது. நான்கு பேர் இறந்தார்கள்.

வெவ்வேறு மருத்துவமனைகளில் எழுந்த சந்தேகங்கள் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் வந்து சேர்ந்ததால்தான் சாவு மேலும் பெருகவில்லை என்று நினைக்கிறேன். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த ஆணையத்தை மருந்து ஒழுங்குமுறையில் மிக உயர்ந்த நான்காம் நிலையில் வைத்தது. உலகிலேயே முதலில் அந்த நிலையை எட்டியது சிங்கப்பூர்.

நம் ஊர்க் கதை வேறு. 2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து ஒருவர் பின் ஒருவராக இறந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். தகவல் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது அக்டோபர் பிறந்திருந்தது. வந்த ஓரிரு நாளில் இங்குள்ள ஆய்வகம் முடிவைச் சொல்லிவிட்டது: எஸ்ஆர்-13 என்ற பேட்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம். அனுமதித்த அளவு 0.1. அதற்குள் குழந்தைகள் பலர் போய்விட்டார்கள்; மொத்தச் சாவு இருபதைத் தாண்டியது. அந்த ஆலையை ஒழுங்காகச் சோதனை செய்யவில்லை என்று ஆய்வாளர்கள் இருவரைப் பிறகு பணியிடை நீக்கம் செய்தார்கள். இதே நஞ்சுக்குச் சென்னை 1972-லேயே 14 குழந்தைகளைப் பறிகொடுத்திருக்கிறது. சோதிக்கும் திறமை நம்மிடம் உண்டு. முதல் குழந்தை இறந்தபோதே எழுந்திருக்க வேண்டிய குரல்தான் எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்குப் போனால், அந்தக் குரல் எழாததன் வேர் தெரியும். சிராங்கூன் சாலையில் நண்பர்களைப் பார்க்க வரும் கட்டுமானத் தொழிலாளியின் பையில், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த நாலு மாத்திரை இருக்கும். ஊர்க் கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தபோது, பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட ஓரம் கடையிலேயே தங்கிவிட்டது. அந்த மாத்திரையால் உடம்பெல்லாம் தடித்தாலும் அவர் டாக்டரிடம் சொல்வது சந்தேகம்தான். ஒரு நாள் சம்பளம் போகுமே என்ற பயம். சொன்னாலும், எந்தப் பேட்ச் என்று தேட வழியில்லை. சிங்கப்பூரின் நான்காம் நிலைக் கண்காணிப்புக்கும் எட்டாத மாத்திரை அது.

மருந்துக்கடையில் அடுத்த முறை அட்டையை வெட்டும்போது, நம்பர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வாமை வந்தால் அட்டையோடு டாக்டரிடம் போங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நேரடியாகவே புகார் சொல்லலாம்.